ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்: வகுப்பறைப் பழக்கமும் படிப்பும் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பு வாசலிலும் வேன் நிற்கும் இடத்திலும் அம்மா அப்பாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். சென்னையில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை நான். மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்று எதில் சேர்த்தாலும் ஆறு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைதான். பள்ளிக்குப் பள்ளி மாறும் விஷயங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

பள்ளி திறந்த முதல் மாதம் பிள்ளைக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

எழுத்தையும் எண்ணையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவை அனுப்பிவிட்டு உள்ளே வர வேண்டும். வந்த பிறகு கொஞ்ச நேரம் அழுதால் பரவாயில்லை. தன் பை எது, தண்ணீர் பாட்டில் எது என்று தெரிய வேண்டும். டிபன் பாக்ஸைத் தானே திறந்து மூட வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் பல பிள்ளைகளுக்கு நிஜமாகவே கஷ்டம். வீட்டில் 'பாப்பு', 'குட்டிம்மா' என்று மட்டுமே கூப்பிட்டு வளர்த்த பிள்ளைக்கு, வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர் தன்னுடையதுதான் என்று பிடிபடச் சில நாள் ஆகும். கூப்பிடுவோம், எதிரிலேயே உட்கார்ந்திருக்கும், திரும்பிக்கூடப் பார்க்காது. மே மாதத்திலேயே வீட்டில் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் கடகடவென்று படிக்கிறான், இவன் இன்னும் எழுத்துக் கூட்டுகிறானே?

முதலில் இரண்டு பேரின் பிறந்த தேதியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். ஒரே வகுப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குள் ஒரு வருட இடைவெளி சாதாரணமாக இருக்கும். இந்த வயதில் ஒரு வருடம் மிகப் பெரியது. பென்சில் பிடிக்கும் விரலின் பலம், பேச்சு, பொறுமை எல்லாமே ஒரு வருடத்தில் ஆளே மாறிவிட்ட மாதிரி மாறும்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்காமல் நேரே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால் பின்தங்கிவிடுவாளா?

மாட்டாள். அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டுமாக இருந்துவிட்டு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெரும்பாலானவர்கள் தீபாவளிக்குள் மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். கதை கேட்டு வளர்ந்த பிள்ளையாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஒரே இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான். வகுப்பில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

ஐந்தாறு வயதில் ஒரே வேலையில் பத்துப் பதினைந்து நிமிடம் மனம் நின்றாலே போதுமானது. டி.வி. முன்னால் இரண்டு மணி நேரம் உட்காருகிறானே என்று கேட்பார்கள். அங்கே படம்தான் ஓடுகிறது, பிள்ளை எதையும் செய்ய வேண்டியதில்லை. இங்கே கேட்க வேண்டும், யோசிக்க வேண்டும், எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிட முடியாது.

அதனால்தான் சின்ன வகுப்பில் எழுந்து நடப்பதற்குப் பாடத்துக்குள்ளேயே இடம் வைக்கிறோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இதில் தமிழ்நாட்டுக்கே முன்னோடி. 2003-ல் இங்கேதான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை முன்னெடுத்தார். பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார்ந்தார்கள். ஏணிப்படி அட்டையில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, எழுந்து போய், தனக்கான அட்டையைத் தானே எடுத்து வந்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். சில வருடங்களில் அது மாநிலம் முழுக்கப் போனது. அந்த முறை பின்னால் மாறினாலும், சின்னப் பிள்ளை நடந்து, தொட்டு, எடுத்து, வைத்துத்தான் படிக்கும் என்பதை அதற்குப் பிறகு இங்கே யாரும் மறுத்ததில்லை.

ஆக, நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும் என்று ஒரு பள்ளி எதிர்பார்த்தால், பிள்ளையை மாற்றப் பார்க்காதீர்கள். அந்த எதிர்பார்ப்பைப் பற்றித்தான் பள்ளியில் பேச வேண்டும்.

வகுப்பில் ஒழுங்கை எப்படித்தான் கொண்டுவருகிறீர்கள்? வீட்டில் ஒன்றைச் சமாளிக்கவே முடியவில்லை.

'அ' எழுதத் தெரியாத பிள்ளையை யாரும் திமிர் பிடித்தது என்று சொல்வதில்லை. சொல்லிக்கொடுக்கிறோம், கையைப் பிடித்து எழுத வைக்கிறோம், மறந்துவிட்டால் மறுபடி சொல்லிக்கொடுக்கிறோம். வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளையை மட்டும் உடனே 'அடங்காதது' என்றுவிடுகிறோம். வரிசையில் நிற்பது, அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது, கோபம் வந்தால் கையை நீட்டாமல் இருப்பது எல்லாமே சொல்லிக்கொடுத்து வர வேண்டியவைதான். எழுத்தைவிட இவை வர அதிக நாள் பிடிக்கும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பென்சில் சீவுவது. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். எழுத ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் ஒரு குரல், "டீச்சர், முனை உடைஞ்சிடுச்சு." அவன் குப்பைத் தொட்டிக்குப் போவான். அவன் பின்னாலேயே உடையாத பென்சிலோடு இரண்டு பேர் போவார்கள். அங்கே ஒரு தள்ளுமுள்ளு, ஷார்ப்னர் யாருடையது என்று சண்டை, கீழே முழுக்கச் சீவல். பாடம் போயே போச்சு. "யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று கத்தினால் அன்றைக்கு மட்டும் அடங்கும்.

நாங்கள் செய்வது இது. மேஜைமேல் இரண்டு டப்பா. ஒன்றில் சீவிய பென்சில்கள், இன்னொன்று காலி. முனை உடைந்தால் யாரையும் கேட்க வேண்டாம். எழுந்து வந்து, உடைந்ததைக் காலி டப்பாவில் போட்டுவிட்டு, சீவியதை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். சொன்னால் மட்டும் வராது. முதல் வாரம் தினமும் இதை நாடகம் மாதிரி நடித்துக் காட்டுவோம். ஒரு பிள்ளை வேண்டுமென்றே தப்பாகச் செய்து காட்டும், மற்றவர்கள் எது தப்பு என்று கண்டுபிடிப்பார்கள். சிரித்துச் சிரித்தே பழகிவிடும். லீவு முடிந்து வந்தால் மறந்திருக்கும், மறுபடி ஒரு நாள் நடிப்போம். திட்டு இல்லாமலே அந்தச் சண்டை நின்றுவிடுகிறது.

வீட்டுக்கும் இதேதான். "சமத்தா இரு" என்பது பிள்ளைக்கு ஒன்றும் சொல்வதில்லை. "செருப்பைக் கழற்றி ஸ்டாண்டில் வை, பையை இந்த ஆணியில் மாட்டு, கை கழுவிவிட்டு வா" என்று மூன்று வேலையைச் சொல்லி, ஒரு வாரம் கூட நின்று செய்து காட்டுங்கள்.

'வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள்' என்று டைரியில் எழுதி வந்திருக்கிறது. கண்டிக்க வேண்டுமா?

என்ன பேசினாள் என்று முதலில் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். டீச்சர் சொன்னது புரியாமல் கேட்டிருக்கலாம். சத்தமே இல்லாத ஒன்றாம் வகுப்பைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கும். அங்கே பிள்ளைகள் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

டீச்சர் பேசும்போது, இன்னொரு பிள்ளை எழுந்து பதில் சொல்லும்போது, கதை படிக்கும்போது மட்டும் வாய் மூடியிருக்க வேண்டும். அந்த நேரங்களில்தான் பேசுகிறாள் என்றால், உட்காரும் இடத்தை மாற்றலாமா என்று டீச்சரிடம் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொன்னால் நீங்கள் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

இதைச் சொல்லும் அப்பாக்கள் கெட்டவர்கள் இல்லை. தன்னை வாத்தியார் அடித்ததால்தான் தான் ஆளானேன் என்று மனதார நம்புகிறார்கள். பிள்ளையின் படிப்புமேல் உள்ள அக்கறையைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வார்த்தை அது.

முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு: பள்ளியில் பிள்ளையை உடலால் தண்டிக்கவோ மனதால் துன்புறுத்தவோ கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியருக்கு அந்த உரிமை வந்துவிடாது.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் அடிக்க மாட்டேன். அடி வாங்கிய பிள்ளை அன்றைக்கு அமைதியாக இருக்கும், உண்மை. அந்த அமைதியில் அது என்ன படிக்கிறது என்று பாருங்கள். கையைப் பார்க்கிறது, ஸ்கேலைப் பார்க்கிறது, டீச்சர் முகத்தைப் பார்க்கிறது, பலகையைப் பார்ப்பதில்லை. விடை தெரிந்தாலும் தப்பாகிவிடுமோ என்று வாய் திறக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதி மறைக்கும். எனக்கு அது எங்கே தடுமாறுகிறது என்றே தெரியாமல் போய்விடும். அதன் பிறகு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? 'அடியாத மாடு படியாது' என்பார்கள். அடித்துப் படிய வைத்த பிள்ளை கேள்வி கேட்காது.

அப்புறம், வகுப்பில் அடி வாங்கும் பிள்ளை இன்டர்வெல்லில் தன்னைவிடச் சின்னதை அடிக்கும். இதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடிக்காமல் மண்டி போட வைத்தால்? வெளியே நிற்க வைத்தால்?

அதுவும் கூடாது. எல்லார் முன்னாலும் 'மக்கு' என்பது, பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துவது, சாப்பாட்டு நேரத்தையோ விளையாட்டு பீரியடையோ பிடுங்குவது எல்லாம் இதே கணக்குதான். விளையாட்டைப் பிடுங்கினால், ஓட வேண்டிய பிள்ளை அடுத்த பீரியடில் இன்னும் துள்ளும்.

அப்படியானால் தப்பு செய்தால் ஒன்றுமே கிடையாதா?

உண்டு. தண்ணீரைக் கொட்டினால் துடைக்க வேண்டும். அடுத்தவர் படத்தைக் கிறுக்கினால் புதிதாக வரைய உதவ வேண்டும். செய்த தப்புக்கும் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும், உடனே நடக்க வேண்டும், அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். மறுநாள் காலை அதே பேச்சை எடுக்கக் கூடாது. வீட்டில் அப்பா வந்ததும் அம்மா பட்டியல் வாசிப்பது பிள்ளைக்கு ஒரே தப்புக்கு இரண்டு தண்டனை.

இன்னொரு பையன் என் பிள்ளையைக் கடித்துவிட்டான். அவன் பெற்றோரிடம் நானே நேரில் பேசலாமா?

தயவுசெய்து பள்ளி வாசலில் வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வேன் நிற்கும் இடத்தில் இரண்டு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஒரே மிட்டாயைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

காயத்தை டீச்சரிடம் காட்டுங்கள். எப்போது, எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் இது வரிசையிலோ, படிக்கட்டிலோ, ஒரே பந்துக்கு இரண்டு பேர் ஓடும்போதோ நடக்கும். அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் நின்றால் போதும். கடித்த பிள்ளைக்குப் பேச்சு இன்னும் சரியாக வராமல் இருக்கலாம். வார்த்தை வராத பிள்ளைக்குக் கோபம் வந்தால் பல்தான் வரும். அதற்கு "என்னுது, குடு", "தள்ளாதே", "டீச்சர், இவனைப் பாருங்க" என்று மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுப்போம். "அவன் அடிச்சா நீயும் அடி" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் பிள்ளை அதை அப்படியே செய்யும். சின்ன உரசலுக்கும் செய்யும்.

ஒரே பிள்ளை மறுபடி மறுபடி குறிவைக்கப்பட்டால் அது வேறு விஷயம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அடுத்தவர் ரப்பரை எடுத்து வந்திருக்கிறாள். திருட்டுப் பழக்கமா?

இல்லை. 'என்னுடையது', 'உன்னுடையது' என்பது இப்போதுதான் புரிந்துகொண்டிருக்கும் வயது. பழம் மாதிரி வாசனை வரும் ரப்பரைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? மறுநாள் அவள் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். 'திருடி' என்ற வார்த்தை அவள் காதில் விழ வேண்டாம்.

ஒன்றாம் வகுப்பு முடியும்போது எவ்வளவு படித்திருக்க வேண்டும்?

நாடு முழுக்கப் பேசப்படும் ஓர் அளவு இருக்கிறது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டத்தின்படி, ஒன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளை தனக்குப் புதிதான நாலைந்து சொல் கொண்ட எளிய வாக்கியங்களைப் படிக்க வேண்டும்; 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும்; எளிய கூட்டல், கழித்தல் தெரிய வேண்டும். இரண்டாம் வகுப்பில் அது 999 வரை போகும். தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதற்காகவே வந்தது. அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்று ஏதோ ஒரு நிலையில் இருப்பாள். எந்தப் படியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்ள அது ஒரு வழி. ரேங்க் என்று நினைத்துவிடாதீர்கள். 'அரும்பில் இருக்கிறாள்' என்று கேட்டு அழுத அம்மாக்கள் இருக்கிறார்கள். அழ வேண்டாம், நிலை மாறிக்கொண்டே இருக்கும்.

தமிழ் எழுத்து 247 என்றதும் மலைப்பாக இருக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216-ம் உயிர்மெய். கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள் பிடிபட்டுவிட்டால் அவற்றில் பெரும்பகுதி தானாக வந்துவிடும். உண்மையில் பிள்ளைகள் தடுமாறுவது உகர, ஊகார வரிசையில். கு, சு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும். கா, சா, டா மாதிரி ஒரே குறியை ஒட்டிவிட்டுப் போக முடியாது. அதற்குக் கூடுதல் நாள் கொடுங்கள்.

ல, ள, ழ தகராறு இன்னும் நீளும். வீட்டிலும் தெருவிலும் 'வாயப்பயம்' என்று கேட்டு வளர்ந்த சென்னைப் பிள்ளை 'வாழைப்பழம்' என்று எழுதத் திணறுவது இயல்பு. காதில் விழுந்ததைத்தான் அது எழுதுகிறது. சிவப்பு மையால் சுழிப்பதைவிட, பெரியவர்கள் நிதானமாகச் சொல்லிக் காட்டுவது நல்லது.

கணக்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நூறு வரை ஒப்பிப்பது எண்ணத் தெரிந்ததாகாது. ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொடுத்துப் பதினேழை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, பதினேழில் நிறுத்துகிறாளா? நிறுத்தினால் அவளுக்குத் தெரியும்.

எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதுகிறான். டிஸ்லெக்சியாவா?

ஒன்றாம் வகுப்பில் 3-ஐத் திருப்பிப் போடுவதும், ஆங்கில 'பி'யையும் 'டி'யையும் (b, d) மாற்றுவதும் மிகச் சாதாரணம். ஏழு வயது வாக்கில் பெரும்பாலும் தானே சரியாகும். எட்டு வயது நெருங்கியும் மாறவில்லை, வாயால் நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளை எழுதப் படிக்க மட்டும் மிகவும் திணறுகிறது என்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், பரிசோதித்துப் பார்த்துவிடுங்கள். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்காகவே வேலை செய்யும் அமைப்பு.

அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பலகையில் இருப்பதை எழுதாமல் பக்கத்து நோட்டைப் பார்க்கும் பிள்ளைக்குப் பலகையே தெரியாமல் இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குச் சளி கட்டிக் காது அடைத்திருக்கலாம். சொல்பேச்சு கேட்காதவன் என்று பெயர் வாங்கிய பையன், கண்ணாடி போட்ட மறுவாரமே முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதியதைப் பார்த்திருக்கிறேன். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. குழந்தைகள் நல மருத்துவமனையும் எழும்பூரிலேயே இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வாருங்கள்.

இடது கையால் எழுதுகிறாள். மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சாப்பிடும் கையைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உங்கள் வீட்டு விஷயம், பென்சிலை விட்டுவிடுங்கள். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது.

ஹோம்வொர்க் எவ்வளவு செய்ய வைக்க வேண்டும்? பை வேறு கனக்கிறது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பையின் எடையும் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதே வருடம் நவம்பரில் மத்திய அரசு இந்த இரண்டு வகுப்புகளுக்கும் ஒன்றரைக் கிலோ என்றே வரையறுத்தது. பிள்ளை பதினெட்டு, இருபது கிலோ இருக்கும். பையைத் தராசில் வைத்துப் பாருங்கள். பழைய நோட்டும், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும், ஒரு வாரத்துக் குப்பையும் உள்ளே இருக்கும்.

ஆனால் பல தனியார் பள்ளிகளில் இன்னும் நாலு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள், தெரியும். அதைக் கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள், அதுவும் தெரியும். ஒரே சொல்லைப் பத்து முறை எழுதும் பிள்ளை ஐந்தாவது முறைக்கு மேல் சொல்லைப் பார்ப்பதில்லை. முதல் எழுத்தை மேலிருந்து கீழே வரிசையாகப் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டாவது எழுத்தைப் போட்டுக்கொண்டே வரும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு டைரியில் 'இதுவரை முடித்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால் கதை சொல்லுங்கள், அதே பலன் உண்டு. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள், பஸ் நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள். 29சி-யை எட்டிப் பார்த்துப் படித்த பிள்ளைக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

டியூஷன் அனுப்பலாமா?

ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம். எட்டு மணிக்குக் கிளம்பி நாலு மணிக்கு வந்த பிள்ளை தெருவில் விளையாட வேண்டிய நேரம் அது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அனுப்புகிறீர்கள் என்றால் புரிகிறது. அங்கே விளையாடவும் கொஞ்ச நேரம் விடச் சொல்லுங்கள்.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். குழம்பிவிடுவானா?

குழம்ப மாட்டான். சென்னை வகுப்பில் தெலுங்கு, உருது, இந்தி, வங்காளம், ஒடியா எல்லாம் கேட்கும். ஓ.எம்.ஆர். பக்கம் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தீபாவளி தாண்டும்போது தமிழில் சண்டை போடுவார்கள். சண்டை போட வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது. வீட்டில் உங்கள் மொழியையே பேசுங்கள், கதையும் அதிலேயே சொல்லுங்கள். பிள்ளைக்காக உடைந்த ஆங்கிலத்தில் பேச வேண்டிய அவசியம் இல்லை.

முதல் சில மாதம் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். அது இயல்பு. வீட்டு மொழி பள்ளி மொழி இரண்டும் ஒன்றாக இருந்தும் பல மாதமாகப் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, வீட்டில் மட்டும் சரளமாகப் பேசுகிறாள் என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லுங்கள். "பேசு, பேசு" என்று நெருக்குவது நிலைமையை மோசமாக்கும்.

பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள்.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். பாத்ரூம் பிடிக்காததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் நிறைய. சென்னை வெயிலில் அது நேரே சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். காலையில் கொடுத்த பாட்டில் மாலையில் நிறைந்தபடி வந்தால் டீச்சரிடம் பேசுங்கள். 2025-லிருந்து பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே 'வாட்டர் பெல்' அடிக்கிறார்கள். குடிக்கிறாளா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாத்ரூம் அழுக்காக இருந்தால், பெற்றோரும் உறுப்பினராக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தயங்காமல் எழுப்புங்கள்.

பையன்களுக்கு வேறு சிக்கல்: பெல்ட்டும் ஹூக்கும். அவிழ்ப்பதற்குள் நேரம் கடந்துவிடும். இரண்டாம் வகுப்பு வரை இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள். ஒரு மாற்று உடையைப் பையில் வையுங்கள். நனைந்துவிட்டால் ஆயாம்மா மாற்றிவிடுவார். அதைப் பற்றி வீட்டில் யார் முன்னாலும் பேச வேண்டாம்.

காலையில் சாப்பிடாமல் கிளம்பிவிடுகிறான்.

பதினோரு மணி வாக்கில் அழுகை, சண்டை, தலை சாய்த்தல் என்று எது வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி "காலைல என்ன சாப்பிட்ட?" என்பதுதான். ஒழுங்கீனம் என்று நினைத்ததில் பாதி பசியாக இருக்கும். பசித்த பிள்ளை படிக்காது என்பதை இந்த ஊர் நூறு வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட முடிவெடுத்தது. இப்போது 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. உங்கள் பள்ளியில் உண்டென்றால் அதற்கேற்ற நேரத்தில் கொண்டுவந்து விடுங்கள். இல்லையென்றால் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

தூக்கமும் அப்படித்தான். ஆறு வயதிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். சீரியல் முடிந்து பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையிடம் காலை ஒன்பதுக்குக் கணக்கு நடக்காது.

மார்க் குறைந்தால் அதே வகுப்பில் நிறுத்திவிடுவீர்களா?

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டமே அதற்கு இடம் தரவில்லை.

டீச்சரிடம் எப்போது, எப்படிப் பேசுவது?

காலையில் மணி அடிக்கும் நேரத்தில் வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தில் முப்பது பேரின் ஷூ லேஸ், மூக்கு, கண்ணீர் எல்லாம் எங்கள் கையில் இருக்கும். மாலையில் வாருங்கள், அல்லது டைரியில் இரண்டு வரி எழுதுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி தவறியது, புதுத் தம்பி பாப்பா வந்தது, அப்பா வெளியூர் போனது, வீடு மாறியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். இவை எல்லாம் வகுப்பில் நடத்தையாக வெளியே வரும். காரணம் தெரிந்தால் நாங்கள் பார்த்து நடந்துகொள்வோம். பிள்ளையை நடுவில் நிறுத்திக்கொண்டு அதன் குறையை என்னிடம் வரிசையாகச் சொல்லாதீர்கள். பிள்ளையைத் தள்ளி விளையாட அனுப்பிவிட்டுப் பேசுவோம்.

டீச்சரிடமே புகார் என்றால் தலைமை ஆசிரியர், அதன் பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை யாராவது அடித்தாலோ, தொடக்கூடாத விதத்தில் தொட்டாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.